‘எட்’ போட மறுத்த வார்த்தைகள்

கானலூர் சமஸ்தானத்து ராஜா ரணசூர பூபதிக்கு ஐம்பது வயதில் இங்கிலீஷ் ஆசை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை கலெக்டர் துரை விருந்துக்கு வருகிறார். போன மாதம் தாம் புலி வேட்டைக்குப் போன கதையைத் துரையின் பாஷையிலேயே சொல்லி அசத்திவிட வேண்டும். புலியைச் சுட்டது யார் என்பது வேறு சமாசாரம், அதை நாம் கிளற வேண்டாம்.

பாளையங்கோட்டையிலிருந்து சவரிமுத்து வாத்தியாரை வரவழைத்தார்கள். பயந்த சுபாவம், பாவம். பெண்டாட்டியும் நாலு பெண்களும் சட்டிபானையோடு கூடவே வந்திருந்தார்கள்.

“நடந்து முடிந்த காரியம் என்றால் வினைச்சொல்லின் வாலில் ஒரு ‘எட்’ ஒட்ட வேண்டும், மகாராஜா. நான், நீ, அவன், அவள், எல்லோருக்கும் ஒரே வால்தான்” என்றார் வாத்தியார்.

“எனக்கும் சமையல்காரனுக்கும் ஒரே வாலா?”

“இங்கிலீஷில் அப்படித்தான், மகாராஜா.”

ராஜா முகத்தைச் சுளித்தார். ஆனாலும் இவ்வளவு லேசான சட்டத்தை அவர் எங்கும் பார்த்ததில்லை. சந்தோஷம் தாங்காமல் அன்றைக்கே தண்டோரா போடச் சொல்லிவிட்டார். “நடந்து முடிந்த எதற்கும் இங்கிலீஷில் ‘எட்’ போட வேண்டும். மீறுகிறவர் நாடு கடத்தப்படுவார்!” சமஸ்தானத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் மொத்தம் ரெண்டு பேர். அதனால் என்ன? பதினாலு ஊரிலும் பறை அடித்தாயிற்று. கானலூரில் ஒரு வழக்கம் உண்டு. தண்டோரா போட்ட உத்தரவை ராஜா திரும்ப வாங்கவே மாட்டார். ஏழு தலைமுறையாக வாங்கியதில்லை.

மறுநாள் சபையில் ராஜா நெஞ்சை நிமிர்த்தி, காட்டுக்குப் போன கதையை ஆரம்பித்தார். “ஐ கோ-எட்...”

வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அது ‘வென்ட்’, மகாராஜா.”

“வென்ட்டா? ‘எட்’ எங்கேவே?”

திவான் வீரபாகு துள்ளி எழுந்தார். அவர் வீட்டில் ஒரு மருமகன் வேலைவெட்டி இல்லாமல் மூணு வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாத்தியார் வேலை காலியானால் அவனை உட்கார வைத்துவிடலாம். “மகாராஜாவின் உத்தரவை ஒரு வாத்தியார் மீறுவதா? நாளைக் காலையே எல்லையைத் தாண்ட வேண்டும்!” ராஜாவும் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

வாத்தியார் அழாத குறையாகக் குத்தாலம் பிள்ளையிடம் ஓடினார். சபையில் பிள்ளைக்கு உத்தியோகம் எதுவும் கிடையாது, வாய் மட்டும் உண்டு. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் ‘குட்மார்னிங்’ ஒன்றுதான். அதையும் சாயங்காலம்தான் சொல்வார்.

“நாலு பொம்பளைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவேன், பிள்ளைவாள்? உத்தரவு தப்பு என்று சொன்னால் தலை போகும். சொல்லாவிட்டால் துரை முன்னால் ராஜா மானம் போகும்.”

பிள்ளைக்கு நிஜமாகவே மனசு கலங்கிவிட்டது. “அழாதேயும். ‘எட்’ போடுகிற வார்த்தை எது, போடாதது எது? ரெண்டையும் வாசியும்” என்றார். வாத்தியார் வாசிக்க வாசிக்கப் பிள்ளையின் முகம் மலர்ந்தது.

விடிந்ததும் சபை கூடியது. பிள்ளை எழுந்தார்.

“மகாராஜா, வாத்தியார் வெறும் சேதி சொன்னவர். உத்தரவை மீறியது அந்த வார்த்தைகள். முதலில் அவற்றை விசாரிக்க வேண்டாமா?”

விசாரணை என்றால் ராஜாவுக்கு வெல்லம். “விசாரியும்!”

“வாத்தியாரே, இந்த அடங்காத வார்த்தைகள் எத்தனை காலமாக இப்படி?”

“ஆயிரம் வருஷத்துக்கும் மேலே, ஐயா. நேற்று முந்தாநாள் வந்த வார்த்தைகள் ஒழுங்காக ‘எட்’ போட்டுவிடும்.”

“கேட்டீர்களா! பரம்பரை உரிமையாம். புது உத்தரவு எங்களைக் கட்டாது என்கின்றன. என்ன திமிர்! மகாராஜா, சட்டம் என்றால் எல்லோருக்கும் சட்டம். பழைய உரிமை அத்தனையையும் இன்றே ரத்து செய்யுங்கள். அரண்மனை வாசலில் இறங்காமல் பல்லக்கோடு உள்ளே வருகிற உரிமையையும் சேர்த்துத்தான்.”

சபை முழுக்கத் திவானைத் திரும்பிப் பார்த்தது. மற்றவர்கள் எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து வர, திவான் வீட்டார் மட்டும் பல்லக்கில் வருவது அந்த ஊர் வழக்கம். முப்பாட்டன் காலத்துச் செப்பேடு இருக்கிறது.

திவான் பதறி எழுந்தார். “அதெப்படி ஐயா! பழைய உரிமையில் எந்தப் புது உத்தரவும் கை வைக்க முடியாது! உத்தரவெல்லாம் உரிமை இல்லாதவர்களுக்குத்தான்!”

“இந்த வார்த்தைகளுக்கும் அதே நியாயம்தானே?”

திவான் வாசல் பக்கம் பார்த்தார். “அதே... நியாயம்தான்.”

“திவானே தீர்ப்புச் சொல்லிவிட்டார், மகாராஜா! உத்தரவு போட்டது போட்டபடி இருக்கும். பழைய குடும்பங்களுக்கு மட்டும் விலக்கு.”

ராஜாவுக்கு அப்பாடா என்றிருந்தது. வாத்தியாருக்குத் தண்டனை ரத்து என்று அங்கேயே அறிவித்தார். சவரிமுத்து தூணைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

“எல்லாம் சரிவே, எந்த வார்த்தைக்கு விலக்கு என்று நான் எப்படி ஞாபகம் வைப்பது?” என்றார் ராஜா.

பிள்ளை வாத்தியார் பக்கம் திரும்பினார். “உழைக்கிறது?”

“ ‘எட்’ உண்டு.”

“சமைக்கிறது, துவைக்கிறது, சுமக்கிறது?”

“எல்லாவற்றுக்கும் உண்டு.”

“தின்கிறது?”

“இல்லை.”

“குடிக்கிறது, தூங்குகிறது?”

“இல்லை, இல்லை.”

“திருடுகிறது?”

வாத்தியார் திவானை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, “அதற்கும் இல்லை” என்றார்.

“ஞாபகம் வைக்க ஒரு சிரமமும் இல்லை, மகாராஜா” என்றார் பிள்ளை. “உழைக்கிறவனும் சுமக்கிறவனும் சட்டத்துக்கு அடங்குகிறான். தின்கிறவன், குடிக்கிறவன், தூங்குகிறவன், திருடுகிறவன் அடங்கமாட்டேன் என்கிறான். மறந்துபோனால் அப்படியே சபையை ஒரு சுற்றுப் பாருங்கள்!”

ராஜா ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தலைப்பாகை கழன்று விழுகிற மாதிரி சிரித்தார்.