ஆப்சென்ட்காரி ஜெயித்த கோப்பை

கோவில்பட்டிச் செண்பகவல்லி, கல்லூரியில் படித்துக்கொண்டே என்.சி.சி. விமானப் பிரிவில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டவள். விமானப்படை அதிகாரி வேலைக்கு விண்ணப்பிக்க பிரின்சிபால் கையெழுத்து வேண்டும். அவரோ, "முகாமுக்குப் போன நாளெல்லாம் நீ ஆப்சென்ட். அன்னிக்கு நீ நம்ம காலேஜ் பொண்ணே இல்ல. இல்லேன்னா சாட்சி கொண்டா!" என்று மூன்று வாரமாக வாசலிலேயே நிற்கவைத்தார்.

கடைசித் தேதியன்று அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"சார், கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

அவர் நாற்காலிக்குப் பின்னால் வெள்ளிக் கோப்பை ஒன்று இருந்தது. பக்கத்திலேயே, அதை அவளிடமிருந்து பல்லெல்லாம் தெரிய அவர் வாங்கும் படம்.

"முகாம்ல நான் ஜெயிச்சது சார். அன்னிக்கு நான் இந்தக் காலேஜ் இல்லேன்னா, கோப்பையும் இந்தக் காலேஜோடது இல்ல. குடுங்க, எடுத்துட்டுப் போறேன்."

குமாஸ்தாக்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிரின்சிபால் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

விண்ணப்பத்தைக் கொடுக்க அவள் பஸ் பிடித்துத் திருச்சி போய்ச் சேர்வதற்குள் மணி ஐந்தைத் தாண்டி, அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். அடுத்த முறைக்கு வயது கடந்துவிடும்.

பிரின்சிபால் அறை வாசலில் நின்றாலே அந்தக் கோப்பை தெரியும். மூன்று வாரமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றிருந்தாள், சார் கோபித்துக்கொள்வாரே என்று வாயைத் திறக்காமல்.