தும்பைக்கு எத்தனை கால்?

முயலுக்கு எத்தனை கால் என்று உங்களிடம் யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? நாலு என்பீர்கள். சொல்லிவிட்டு, இதையெல்லாமா ஒரு கேள்வியென்று கேட்பார்கள் என்று முகத்தைச் சுளிப்பீர்கள். நாச்சிமுத்துவும் அப்படித்தான் சுளித்தார்.

அமராவதி ஆற்றங்கரையில் ஓர் ஊர். அந்த ஊரின் பஞ்சாயத்துக்காரர் நாச்சிமுத்து. வரப்புச் சண்டையோ, மாமியார் மருமகள் சண்டையோ, அவர் வந்து தொண்டையைச் செருமினால் பாதி அடங்கிவிடும். வாயைத் திறந்தால் மீதியும் அடங்கிவிடும். பேச்சில் அவரை ஜெயித்த ஆள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. ஜெயித்து ஜெயித்து அலுத்துப்போய்த்தான், தோப்போரத்து வீட்டில் இருந்த ஞானி நல்லம்மையிடம் சீடராகப் போய்ச் சேர்ந்தார்.

நல்லம்மை அவரைவிட ரொம்பச் சின்னவர். ஆனாலும் குரு குருதானே. சீடர் குருவை 'அம்மா' என்பார். குரு சீடரை 'அண்ணா' என்பார். அதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

சங்கடம் வேறு. எத்தனை நாள் போய் உட்கார்ந்தாலும் நல்லம்மை ஒன்றுமே சொல்லித் தரவில்லை.

"எனக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா," என்று நாச்சிமுத்து ஒருநாள் கேட்டேவிட்டார். "ஒரே ஒரு வார்த்தை. அதைப் பிடிச்சுக்கிட்டு நான் கரையேறிக்கறேன்."

நல்லம்மை எழுந்து உள்ளே போனார். கையளவு வெள்ளை முயல்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவர் மடியில் விட்டார்.

"இதை வளருங்கண்ணா."

"நான் வார்த்தை கேட்டேனுங்கம்மா."

"முதல்ல இது வளரட்டும்."

நாச்சிமுத்துவுக்குச் சுரீர் என்றது. தெருவில் நடந்தால் ஊரே எழுந்து நிற்கிற மனுஷனுக்கு முயல்குட்டியா? உபதேசம் கேட்டு வந்தவனுக்குப் புல் பிடுங்குகிற வேலையா? வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். வீடு வருவதற்குள் குட்டி அவர் முழங்கை மடிப்பில் மூக்கை நுழைத்துத் தூங்கிப் போயிருந்தது. முணுமுணுப்பு நின்றது. தும்பைப் பூ போல இருந்ததால் தும்பை என்றே பெயர் வைத்தார்.

ஒரு காரியத்தில் இறங்கினால் நாச்சிமுத்து அரைகுறையாகச் செய்யமாட்டார். தும்பைக்கென்று தனியாகக் கூண்டு செய்யச் சொன்னார். அடியில் பலகை கிடையாது, கம்பிவலை. புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும், முயல் மேலே பளிச்சென்று இருக்கும். அவரே யோசித்துக் கண்டுபிடித்தது அது. காலையில் வாயில் காப்பித்தண்ணி படுவதற்கு முன்னால் அருகம்புல்லோடு கூண்டுக்குத்தான் போவார். மத்தியானம் முருங்கைக்கீரை. மனசு நிறைந்த நாளில் ஒரு துண்டு கேரட்.

வீட்டுக்கு யார் வந்தாலும் புறக்கடைக்கு அழைத்துப்போய்க் காட்டுவார். இரண்டு காதையும் சேர்த்துப் பிடித்து மேலே தூக்குவார்.

"முயலை இப்படித்தான் தூக்கோணும். இல்லாட்டி ஆண்டவன் எதுக்குக் காதை இத்தனை நீட்டமா வெச்சான்?"

வந்தவர் ஆமாம் என்பார். நாச்சிமுத்துவிடம் வேறு என்ன சொல்ல முடியும்?

ஒன்றுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. தும்பை பின்னங்காலால் கூண்டைத் 'தொம், தொம்' என்று தட்டும். கீரை வைத்தாலும் தட்டும், வைக்காவிட்டாலும் தட்டும்.

"யார்கிட்டக் காலை உதைக்கற?" என்று அதட்டுவார். "இந்த வீட்டுல நான் பேசறப்ப யாரும் குறுக்க பேசினதில்லை, தெரிஞ்சுக்கோ."

கொஞ்ச நாளில் தட்டுவது நின்றது. நாச்சிமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை. முயலுக்கே பக்குவம் வந்துவிட்டது என்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொன்னார்.

பிள்ளை வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், வீட்டில் திடீரென்று சத்தம் நின்றால்தான் கை வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். நாச்சிமுத்துவின் பிள்ளைகள் வளர்ந்தபோது அவர் பஞ்சாயத்தில் இருந்தார்.

பக்கத்து வீட்டுப் பாவாயியும் நல்லம்மையின் சீடர்தான். வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் காலையில் மதில்மேல் தாடையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, தும்பை ஏன் இப்படிச் சோந்து கிடக்குது?"

"சோர்வில்லை அம்மணி. தியானம்."

"தியானமா? கண்ணுபட்ட மூஞ்சியாட்டம் இருக்குது. வர்றவன் போறவனுக்கெல்லாம் தூக்கித் தூக்கிக் காட்டினா திருஷ்டி விழாம என்ன பண்ணும்? மிளகாய் சுத்திப் போடுங்க."

"முயலுக்கு மிளகாய் சுத்தறதா? போ, போய் உன்ர அடுப்பைப் பாரு."

"இல்லாட்டி ஏக்கமா இருக்கும். தாயைப் பிரிஞ்ச குட்டிதானுங்களே. சித்த நேரம் திறந்து விடுங்க, ஓடட்டும்."

"திறந்தா நாய் கவ்விட்டுப் போகும். என்ர முயலுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்!"

"நாங்க சொல்லி நீங்க என்னைக்குக் கேட்டீங்க? தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கற ஆளுதானே நீங்க!"

நாச்சிமுத்துவின் மீசை துடித்தது.

அந்தப் பழமொழி அவருடையது. அவருடையது என்றால், ஊரில் அதை எடுத்து ஆளுகிற உரிமை அவருக்குத்தான் இருந்தது. எத்தனை முரண்டுக்காரர்களை அதைச் சொல்லி உட்கார வைத்திருக்கிறார்! அதை எடுத்து, மதிலுக்கு மேலிருந்து, அவர் தலையிலேயே போடுவதா?

"நான் எப்ப மூணுன்னேன்?" என்று கத்தினார். "நாலு! என்ர முயலுக்கு நாலு காலு! ஊரைக் கூட்டி வெச்சுச் சொல்றேன், நாலு!"

"பார்த்தீங்களா, இப்பவும் நிக்கறீங்க பாருங்க."

"நாலு காலுக்கு நாலுன்னு சொல்றது முரண்டா?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் அம்மாகிட்டப் போறேன். முயலை எனக்குக் குடுக்கச் சொல்லிக் கேக்கறேன். உங்ககிட்ட இருந்தா அது பிழைக்காது."

"கேளு! நல்லாக் கேளு! நானும் வர்றேன்!"

தும்பையைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டார். முன்னால் பாவாயி விறுவிறுவென்று போனாள். பின்னால் இவர். பிழைக்காதாமே! எந்தக் குறையைக் கண்டாள்? புல்லில் குறையா, தண்ணீரில் குறையா? தும்பை இல்லாத கூண்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். அதனால் கோபம் இன்னும் ஏறியது.

நல்லம்மை வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் சதை, ஒரு பக்கம் கொட்டை.

"அம்மா, நியாயம் சொல்லுங்க!" என்றார் நாச்சிமுத்து.

"நான்தானுங்க முதல்ல வந்தேன்," என்றாள் பாவாயி.

"முதல்ல வந்தவங்க சொல்லட்டும்," என்றார் நல்லம்மை.

பாவாயி சொன்னாள். திருஷ்டி என்றாள், ஏக்கம் என்றாள், சொன்னால் கேட்கிற ஆளில்லை என்றாள். பழமொழியையும் விடவில்லை.

"கேட்டீங்களாம்மா? கேட்டீங்களா?" நாச்சிமுத்துவுக்கு மூச்சு வாங்கியது. "என்னைப் பார்த்து அந்தப் பேச்சு!"

"அண்ணா, முயலைக் கீழே விட்டுட்டுப் பேசுங்க. கை கடுக்கும்."

தும்பையைத் தரையில் விட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். தொண்டையைச் செருமினார்.

பிறகு பேசினார் பாருங்கள், அப்படி ஒரு பேச்சை அவர் பஞ்சாயத்தில்கூடப் பேசியதில்லை. குட்டி வந்த நாளிலிருந்து ஆரம்பித்தார். கூண்டைச் சொன்னார், கம்பிவலையைச் சொன்னார், அதில் ஒரு துளி அழுக்குத் தங்காததைச் சொன்னார். விடியுமுன்னே புல்லுக்குப் போவதைச் சொன்னார். காலைத் தட்டித் தட்டித் திமிர் பண்ணிக்கொண்டிருந்த முயல் தன் வளர்ப்பில் அடங்கியதைச் சொன்னார்.

"மௌனம் வந்துருச்சுங்கம்மா அதுக்கு! எனக்கு முன்னாடி அதுக்கு வந்துருச்சு! இந்த முயலைத்தான் இவ எங்கிட்ட இருந்து பிடுங்கப் பார்க்கறா. எதுக்கு? நாலு காலை நாலுன்னு சொன்னதுக்கு!"

நிறுத்தினார். யாரும் பதில் பேசவில்லை. பாவாயிகூட வாயைத் திறக்கவில்லை.

இந்த அமைதி அவருக்குப் பழக்கமானது. எதிராளிக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றால் இப்படித்தான் இருக்கும். ஜெயித்தாயிற்று. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

இரண்டு பேரும் அவரைப் பார்க்கவே இல்லை. வாசலோரத்து அருகம்புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவரும் திரும்பினார்.

தும்பை புல்லை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு தாவல், ஒரு நிறுத்தம். பிறகு இன்னொரு தாவல். இடது பின்னங்கால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. அது தரையில் படவே இல்லை.

"தும்பைக்கு எத்தனை காலுங்கண்ணா?" என்று கேட்டார் நல்லம்மை.

நாலு என்று சொல்ல நாச்சிமுத்து வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

நல்லம்மை எழுந்து போனார். ஒரு கையை முயலின் நெஞ்சுக்கு அடியிலும் இன்னொரு கையைப் பின்பக்கத்துக்கு அடியிலும் கொடுத்துத் தூக்கிவந்து மடியில் வைத்தார். அந்தக் காலைப் பிடித்து அடிப்பாதத்தைத் திருப்பினார். முடியெல்லாம் உதிர்ந்து, தோல் தேய்ந்து, சிவப்பாகப் புண். புண்ணின்மேல் கம்பிவலையின் தடம் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. இன்னொரு பாதத்திலும் முடி கொட்ட ஆரம்பித்திருந்தது.

"ஒரு சத்தம் போடலையேம்மா!" நாச்சிமுத்து அலறினார். கோபத்துக்கு வேறு ஆள் கிடைக்காமல் முயலின் மேலேயே பாய்ந்தார். "வலிக்குதுன்னா கத்தறதுக்கென்ன? நான் பக்கத்துலயேதானே இருந்தேன்! ஒரு சத்தம் போட்டிருந்தா நான் விட்டிருப்பேனா?"

"தொம் தொம்னு தட்டுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது... அது திமிருன்னு நினைச்சேனுங்க. அப்புறம் நிறுத்திருச்சுங்களே."

"முயல் எந்தக் காலால தட்டுமுங்கண்ணா?"

நாச்சிமுத்து புண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாவாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எனக்கு மட்டும் என்னங்க தெரிஞ்சுது? திருஷ்டின்னேன், ஏக்கம்னேன். காலை நானும் பாக்கலீங்க. பழமொழி வாய்க்கு வந்துச்சு, வீசிப்போட்டேன்."

"கால்நடை ஆஸ்பத்திரிக்கு இப்பவே கொண்டுபோங்க," என்றார் நல்லம்மை. "மருந்து போடுவாங்க. இனிமேல் அடியில பலகை வெச்சு, மேல வைக்கோலை மெத்தையாட்டம் பரப்புங்க. நனைஞ்சா நனைஞ்சதை மாத்திருங்க. ஆறிரும்."

"யாருங்கம்மா கொண்டுபோறது?" என்று பாவாயி மெதுவாகக் கேட்டாள். "முயல் யார்கிட்ட இருக்கறது?"

"நான் எதுக்குங்க அதைச் சொல்லோணும்? பஞ்சாயத்துக்காரரே இருக்காரே."

நாச்சிமுத்து தரையில் உட்கார்ந்தார். புளியங்கொட்டைகளுக்குப் பக்கத்தில், அப்படியே மண்ணில். ஊர் வழக்கெல்லாம் வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் தீர்த்தவருக்கு இந்த வழக்குத் தீர நேரமாயிற்று.

"பாவாயியே வெச்சுக்கட்டும்," என்றார்.

நல்லம்மையின் மடியிலிருந்து தும்பையை எடுக்கக் கை நீட்டினார். கை பழக்கப்படி காதுக்குப் போனது. பாதியில் நின்றது. கீழே இறங்கி, நெஞ்சுக்கு அடியிலும் பின்பக்கத்துக்கு அடியிலும் நுழைந்தது. எதிரே வந்து உட்கார்ந்த பாவாயியின் மடியில் கொண்டுபோய் மெல்ல இறக்கினார். தும்பை அவர் முழங்கை மடிப்பில் மூக்கை ஒருதரம் வைத்து எடுத்தது.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் வந்த காரியம் மட்டும் வந்த இடத்துலயே நிக்குதுங்கம்மா," என்றார். "இப்பவாச்சும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

நல்லம்மை அடுத்த புளியைக் கையில் எடுத்தார்.

"அதைக் காலையிலயே பாவாயி அக்கா சொல்லிட்டாங்களே அண்ணா."

நாச்சிமுத்து தோள் துண்டை இறக்கி இடுப்பில் சுற்றிக்கொண்டார். பிறகு பாவாயியின் பக்கம் திரும்பினார்.

"அம்மணி," என்றார். "அந்தப் பழமொழியை இன்னொருக்காச் சொல்லு."