உச்சி வெயிலில் தட்டும் குக்குறுவான்

அந்தக் காலத்தில், பறவைகளுக்குப் பேச்சும் வக்கணையும் நம்மைவிடக் கூடுதலாகவே இருந்தபோது, ஓர் ஏரிக்கரை முருங்கை மரத்தில் குக்குறுவான் என்ற சின்னஞ்சிறு பச்சைப் பறவை குடியிருந்தான். இன்றைக்கு அவன் நெற்றியிலும் மார்பிலும் பார்க்கிறோமே, அந்தச் சிவப்பு அப்போது கிடையாது. நாலு வார்த்தை பேசுவானே தவிர, கூவுகிற குரலும் கிடையாது. யாராவது கூப்பிட்டால் தலையை ஆட்டுவான், திட்டினாலும் அதே தலையாட்டல்தான். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன் என்று ஊரில் அவனுக்கு நல்ல பெயர். அப்படி ஒரு நல்ல பெயர் யாருக்கும் வர வேண்டாம்.

ஒரு வேலையில் மட்டும் அவனை மிஞ்ச ஆள் இல்லை. பட்டுப்போன கிளையை அலகால் கொத்திக் கொத்திப் பொந்து குடைவான். அந்த மரத்தில் இரண்டு பொந்து வைத்திருந்தான். ஏரியைப் பார்த்த பொந்து வீடு. மரத்தின் மறுபக்கத்துப் பொந்து சாமான் வைக்க. வீட்டு வாசலை நல்ல அகலமாகக் குடைந்திருந்தான். "வீட்டுக்கு வர்றவங்க குனிஞ்சு வரக் கூடாது" என்பான். இந்தப் பெரிய மனசு அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று கேளுங்கள்.

அந்த வருஷம் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. அவன் பெண்சாதி மரகதம் மூன்று முட்டைகளின் மேல் அடை உட்கார்ந்திருந்தாள். அடைகாப்பது பெண்ணின் வேலை என்று அப்போது ஒரு வழக்கம் இருந்தது. யார் ஏற்படுத்திய வழக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள், உட்கார வேண்டாதவர்கள்தான் ஏற்படுத்தியிருப்பார்கள். குக்குறுவான் வேளாவேளைக்குப் பழம் கொண்டுவந்து கொடுத்தான். ஆனால் மரத்திலிருந்து பறித்த பழமே அந்த வெயிலில் வேகவைத்தது மாதிரி இருந்தது. மரகதம் விழுங்கியதை விழுங்கியபடி வெளியே கக்கினாள். நான்கு நாள் ஒரு வாய் உள்ளே தங்கவில்லை.

"என்னங்க, என்னால இனி முடியாது போலிருக்கு. எந்திரிச்சுப் போயிருவேன்" என்றாள்.

அவள் எழுந்து போனால் முட்டைகள் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். எதிர் மரத்தில் காக்கை நாள் முழுக்க வேறு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது.

நான்காம் நாள் சாயங்காலம் இடி இடித்து ஆலங்கட்டி மழை கொட்டியது. குக்குறுவான் ஒரு கட்டியைக் கவ்விக்கொண்டு ஓடி வந்து மரகதத்தின் வாயில் போட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டு சப்பினாள். நான்கு நாளில் அவள் முகத்தில் அன்றைக்குத்தான் தெளிச்சி வந்தது.

"இது வெறும் தண்ணிதானே, பசிக்கு என்ன பண்ணும்? இதே குளிர்ச்சியில ஒரு பழம் இருந்தா உள்ள நிக்கும்ங்க."

அவள் ஆசையாய் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. குக்குறுவான் மழையில் நனைந்தபடி ஆலங்கட்டிகளைப் பொறுக்கிச் சாமான் பொந்தில் கொட்டினான். பொந்து குடைந்தபோது சேர்ந்த மரத்தூள் அங்கே குவியலாகக் கிடந்தது. அதற்குள் புதைத்த கட்டி சீக்கிரம் கரையவில்லை என்பதை அவனே கண்டுகொண்டான். கட்டிகளுக்கு நடுவில் ஒரு பழத்தை வைத்துப் பார்த்தான். பழம் லேசாகக் குளிர்ந்ததே தவிர, உறையவில்லை. தின்று பார்த்தால் இனிப்பும் மட்டுப்பட்டுப் போயிருந்தது.

வழி சொன்னவன் உப்புக்கொத்தி. உப்பளத்து ஓரமாகவே ஓடியாடித் திரிகிற சின்னப் பறவை அவன். "போன வருஷம் உப்புக் குவியல் மேல ஆலங்கட்டி விழுந்துச்சு அண்ணே. தெரியாம காலை வச்சுட்டேன், அப்படியே பிடிச்சு இழுத்துச்சு பாருங்க, அம்மாடி! வெறும் கட்டியில அந்தக் குளிர் கிடையாது. உப்பு கலந்து வைங்க" என்றான். சொன்னதோடு நிற்காமல் உப்பையும் தானே சுமந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். இந்தக் கதையில் யோக்கியன் என்று ஒருவனைச் சொல்ல வேண்டுமானால் அவன் ஒருவன்தான்.

மறுநாள் விடிந்ததும் குக்குறுவான் சப்பாத்திக்கள்ளிப் பழம் பறிக்கப் போனான். ரத்தச் சிவப்பாய்ச் சாறு வழிகிற பழம் அது, ஆனால் சும்மா கொடுக்காது. மேலே கண்ணுக்குத் தெரியாத சுணை, உள்ளே நட்சத்திரம் போல ஒரு முள். அந்த முள்ளை எடுக்காமல் தின்றால் தொண்டையில் நிற்கும். ஒவ்வொரு பழத்தையும் மணலில் புரட்டிப் புரட்டிச் சுணை போக்கினான். முள்ளை நோண்டி எடுத்தான். அலகின் ஓரமெல்லாம் குத்துப்பட்டது. கூழை ஒரு விளாம்பழ ஓட்டில் வழித்து, குளிரில் இனிப்பு மட்டுப்படும் என்று தேனை இரண்டு பங்காக விட்டு, இன்னோர் ஓட்டால் மூடினான். சுற்றிலும் ஆலங்கட்டியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, அதன் மேல் மரத்தூளை அமுக்கினான்.

மூடியைத் திறக்கக் கூடாது என்பதும் அவனுக்குப் புரிந்திருந்தது. திறந்தால் வெயில் உள்ளே போகும். அதனால் ஓட்டை அப்படியும் இப்படியும் உருட்டிவிட்டு, அலகால் மேலே தட்டிக் காது கொடுப்பான். கூழாக இருந்தால் "பொத்" என்று கேட்கும், உறைந்துவிட்டால் "டொக்" என்று கேட்க வேண்டும். உச்சிப் பொழுதுக்குள் ஆகிவிடும் என்று கணக்குப் போட்டான். மரகதத்திடம் போய், "மத்தியானம் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துக்க புள்ள" என்று சொல்லிவிட்டு வந்தான்.

முதலில் வந்தவன் கிளி.

"என்ன மாப்ளே, பொந்துக்குள்ள ஏதோ ரகசியமா நடக்குதே?"

"மரகதத்துக்குப் பழம் உறைய வச்சிருக்கேன். திறக்கக் கூடாது" என்றான் குக்குறுவான்.

"நான் என்ன அசலா?" என்று கிளி மூடியைத் தூக்கி, மூக்கை முழுசாக உள்ளே விட்டு ஒரு வாய் அள்ளினான். "ருசி பார்க்காமலா வீட்டுக்காரிக்குக் குடுப்பே? நல்லாத்தான் இருக்கு" என்று கிளையில் உட்கார்ந்தான். போகவில்லை.

குக்குறுவான் தலையை ஆட்டினான். உருகியதற்குப் பதிலாக வேறு ஆலங்கட்டி போட்டு மறுபடி மூடினான்.

அடுத்து வந்தவள் கொண்டைக்குருவி. ஊரில் எந்த வீட்டு அடுப்பில் எது கொதித்தாலும் யோசனை சொல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. மூடியைத் தள்ளிவிட்டு ஓட்டின் விளிம்பில் சட்டமாக உட்கார்ந்தாள். வால் பக்கம் பழத்தில் தோய்ந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை.

"தேன் தூக்கல் தம்பி. இதெல்லாம் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் செய்யக் கூடாதா?" என்றாள். தூக்கலான அந்தத் தேனை நான்கு வாய் தின்றபிறகுதான் சொன்னாள்.

குக்குறுவான் மிச்சமிருந்த ஆலங்கட்டி அத்தனையையும் போட்டு மூடினான். இனி ஒரு கட்டி கிடையாது.

குயில் வந்தான். சொந்தமாகக் கூடு கட்டிப் பழக்கமில்லாதவன், அதனாலேயே அடுத்தவர் வீட்டு விஷயத்தில் அவனுக்கு எப்போதும் அக்கறை அதிகம். "கண்ணால பார்த்தா குறைஞ்சா போகும் அண்ணே?" என்று மூடியை விலக்கி, ஓட்டுக்குள் முகத்தைக் கண் வரை அமுக்கிப் பார்த்தான். அப்படிப் பார்த்ததில் கொஞ்சம் குறையத்தான் செய்தது.

குக்குறுவான் ஓட்டுக்குள் எட்டிப் பார்த்தான். "பாதி இருக்குது, மரகதத்துக்குப் போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடினான், உருட்டினான், தட்டினான். பொத். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டினான். பொத். சூரியன் உச்சிக்கு வந்தபோது இன்னொரு முறை தட்டினான்.

டொக்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "மரகதம், ஆயிருச்சு! இதோ வர்றேன்" என்று மரத்தைச் சுற்றிக் கேட்கும்படி சொன்னான். அப்படியே ஓட்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் நான்கு நாள் பட்டினி கிடந்தவளுக்கு முதல் வாயை ஓட்டோடு கொடுக்கலாமா, ஓர் இலையில் வைத்துக் கொடுக்க வேண்டாமா என்று அவனுக்குத் தோன்றியது. கரையோரப் பூவரசு மரத்துக்குக் கிளம்பினான். கிளம்பும்போது அந்த மூன்று பேரையும் பார்த்து, "கொஞ்சம் பார்த்துக்குங்க. முதல் வாய் அவளுக்கு. அப்புறம் உங்களுக்கும் ஆளுக்கு ஒரு வாய் தர்றேன்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தவனுக்கு வேறென்ன கிடைக்கும்?

வீட்டுப் பொந்தில் மரகதம் காத்திருந்தாள். மரத்தின் மறுபக்கம் மூடி நகர்ந்த சத்தம் கேட்டது. அப்புறம் சப்புக்கொட்டுகிற சத்தம். பிறகு, "ஆகா, பல்லு கூசுதுடா" என்று கிளியின் குரல். தனக்கு ஒரு வாய் வரும் என்று அலகைத் திறந்தபடியே இருந்தாள். சத்தம் நின்றது, யாரும் வரவில்லை. வெயில் வாசல் வழியாக உள்ளே வந்து முதுகில் ஏறியது. இனி ஒரு நொடி இருந்தாலும் மயங்கி முட்டைமேல் விழுந்துவிடுவோம் என்று பயந்து, ஏரியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வர எழுந்து பறந்தாள்.

குக்குறுவான் நல்ல தளிர் இலையாகப் பார்த்துப் பறித்து வந்து சேர்ந்தபோது ஓடு காலியாகக் கிடந்தது.

மூன்று பேரும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வெட்கப்பட்டார்களா என்றால் இல்லை. கொண்டைக்குருவிதான் முதலில் பேசினாள்: "அடை உக்காந்தவளுக்குக் குளிர்ச்சி ஆகாது தம்பி. சளி பிடிச்சு முட்டை கூமுட்டையாப் போச்சுன்னா பழி யார் மேல வரும்? அவ நல்லதுக்குத்தான்."

"ஆமா மாப்ளே, உனக்கு விவரம் பத்தாது" என்றான் கிளி.

"நான் கண்ணால பார்த்ததோட சரி" என்றான் குயில்.

தின்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தின்றுவிட்டு, பட்டினி கிடப்பவளின் நல்லதுக்குத்தான் தின்றோம் என்று சொல்கிற வாயை என்ன செய்வது? குக்குறுவான் ஓட்டுக்குள் தலையை விட்டு, அடியில் ஒட்டியிருந்ததையாவது சுரண்டப் பார்த்தான். நெற்றியிலும் மார்பிலும் சில்லென்று சிவப்பு அப்பியது. அலகில் ஒன்றும் சேரவில்லை.

வெறும் இலையோடு வீட்டுக்குப் போனான். அகலமான அந்த வாசலிலிருந்து காக்கை வெளியே வந்துகொண்டிருந்தது. குனியாமல், வசதியாகவே வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் இரண்டு முட்டைகள்தான் இருந்தன.

மரகதம் ஈரத்தோடு திரும்பி வந்தாள். இலையைப் பார்த்தாள். பிறகு முட்டைகளைப் பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் மெதுவாகக் கிட்டே வந்து தன் நெற்றியை அவன் நெற்றியோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். பிறகு மார்பை அவன் மார்பில் சாய்த்தாள். அங்கே அப்பியிருந்த சாற்றில் இன்னும் கொஞ்சம் குளிர் மிச்சமிருந்தது.

"குளிர்ச்சியாத்தான் இருக்குதுங்க" என்றாள். அவள் பங்குக்கு வந்தது அவ்வளவுதான்.

குக்குறுவான் வெளியே வந்தான். முருங்கையின் உச்சிக் கிளையில், கொதிக்கிற வெயிலில் போய் உட்கார்ந்தான். தொண்டையை உப்ப வைத்தான். பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடக் கூவாமல், திட்டினாலும் தலையை மட்டுமே ஆட்டியவனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டொக். மறுபடி, டொக். ஓட்டின் மேல் தட்டினால் எப்படிக் கேட்குமோ அப்படியே கேட்டது.

"என்னப்பா இது, மத்தியான நேரத்துல தூங்க விடாம?" என்று கீழேயிருந்து அக்கம்பக்கத்தார் கேட்டார்கள்.

"தின்னது நாங்கதான், தப்புதான்னு மூணு பேர்ல ஒருத்தர் சொல்ற வரைக்கும் தட்டுவேன்" என்றான் குக்குறுவான். கிளி இருந்த பக்கம் திரும்பி ஒரு தட்டு, கொண்டைக்குருவி பக்கம் திரும்பி ஒரு தட்டு, குயில் பக்கம் திரும்பி ஒரு தட்டு.

மூன்று பேரும் ஏரிக்குப் போய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். கள்ளிப்பழக் கறை போகவில்லை. கிளிக்கு மூக்கிலும், கொண்டைக்குருவிக்கு வாலடியிலும், குயிலுக்குக் கண்ணிலும் தங்கிவிட்டது. அதனால் அவர்களுக்கு என்ன நஷ்டம்? கிளிமூக்கு கோவைப்பழம் போல இருக்கிறது என்று கொண்டாடுகிறோம். குயிலின் குரலில் என்ன குளிர்ச்சி என்று மயங்குகிறோம். அந்தக் குளிர்ச்சி யாருக்கு வைத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

குக்குறுவான் வீட்டு வாசலை அதற்குப் பிறகு தன் உடம்பு மட்டும் நுழைகிற அளவுக்குத்தான் குடைகிறான். அடைகாப்பதிலும் அவனும் மரகதமும் முறை வைத்துக்கொண்டார்கள். இருவர் நெற்றியிலும் மார்பிலும் அந்தச் சிவப்பு இருக்கிறது.

அன்று முதல்தான், கோடை வந்துவிட்டால், மற்ற பறவையெல்லாம் நிழல் தேடி ஒடுங்குகிற உச்சி வெயிலில் குக்குறுவான் மட்டும் உயரமான கிளையில் உட்கார்ந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி, டொக் டொக் என்று தட்டிக்கொண்டே இருக்கிறான். இன்று வரைக்கும் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.