கழுத்தில் தெரிந்த கோடு

லாரிக்குப் பட்டி பார்ப்பதில் நாச்சிமுத்துவை அடித்துக்கொள்ள கோயமுத்தூரில் ஆள் கிடையாது. நசுங்கின கதவைக் கொடுத்தால் போதும். பட்டியைக் குழைத்துப் பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்து நிறுத்திவிடுவார். எங்கே நசுங்கியது என்று இடித்த டிரைவருக்கே தெரியாது. அதில் மனுஷனுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அப்பேர்ப்பட்டவர், பேரன் எடுத்த வயதில், பவுடர் கோட்டிங் கற்றுக்கொள்ளக் கிளம்பினார். மாவு மாதிரி பொடி. அதை ஸ்பிரே துப்பாக்கியால் இரும்பின்மேல் படியவைத்து, ஆள் உயர அடுப்பில் வேகவிட்டால் உருகி நிறமாகிவிடுகிறது. ஒருமுறை பார்த்தார், அதோடு அவருக்குத் தூக்கம் போச்சு.

கணபதி பகுதியில் பவுடர் கோட்டிங் பட்டறை வைத்திருந்த மைனாவதிக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். வெற்றிலை பாக்கு பழத்தோடு போய் நின்றார்.

"ஏனுங்க அம்மணி, எனக்குக் கத்துக் குடுப்பீங்களா?"

"நாளைக்கு வாங்ண்ணா. நல்ல சட்டை போட்டுட்டு வந்துராதீங்க."

அப்படி ஆரம்பித்தது. தேய்த்தார், கழுவினார், கொக்கியில் மாட்டினார். துப்பாக்கியை மட்டும் மைனாவதி தனியாகக் கொடுக்கவே இல்லை.

ஒரு நாள் ஹக்கீம் என்கிற பையன் ஒரு பைக் ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு வந்தான். குழாய் வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து, எல்லாம் அவனே செய்தது. அவன் கட்டுகிற முதல் வண்டி. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் நிறுத்த வேண்டும், நல்ல சிவப்பு வேண்டும் என்றான்.

"இதை நீங்க தனியாப் பண்ணுங்ண்ணா," என்றார் மைனாவதி. "நல்லா வந்துட்டா இனி துப்பாக்கி உங்க கையிலதான்."

நாச்சிமுத்து அன்றைக்குச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தபோதுதான் தெரிந்தது. ஹேண்டில் உட்காருகிற கழுத்தில், அழகுக்காக வெல்டிங்கை ரொம்பத் தேய்த்துவிட்டிருந்தான் பையன். உள்ளே இருந்த ஓட்டை வெளியே வந்து, பருப்பளவுக்கு ஒரு குழி.

நாச்சிமுத்து சிரித்துக்கொண்டார். இதெல்லாம் நமக்கு ஒரு வேலையா? பையிலிருந்து பட்டி டப்பாவை எடுத்தார். பூசினார், தேய்த்தார், யாரிடமும் மூச்சு விடவில்லை. மேலே சிவப்பை அடித்து அடுப்புக்குள் தள்ளினார்.

அடுப்பைத் திறந்தால் ஃபிரேம் மிளகாய்ப்பழம் மாதிரி தகதகவென்று இருந்தது. கழுத்தில் மட்டும் பட்டி பொங்கி, வெடித்து, கருகிக் கிடந்தது. அவருக்கு உயிரே போய்விட்டது.

மைனாவதி வந்து நகத்தால் சுரண்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது.

"யாரு வெச்சதுங்ண்ணா?"

"நாந்தானுங்க."

"ஹக்கீமைக் கூப்பிடுங்க. வெல்டிங்ல குழி இருக்குது, வந்து நிரப்பச் சொல்லுங்க."

"என் வாயாலயாங்க? பையன் மூஞ்சி வாடிப் போயிருமுங்க."

"மூடினது உங்க கைதானுங்களே."

கூப்பிட்டார். அவன் வந்ததும் குழியையும் சொன்னார், தான் மூடியதையும் சொன்னார். அவமானத்தில் தலை நிமிரவில்லை. ஹக்கீம் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் போய் வெல்டிங் மெஷினோடு வந்து உட்கார்ந்தான்.

அடித்த சிவப்பையெல்லாம் நாச்சிமுத்து உரித்துக் கொடுத்தார். ஹக்கீம் குழியைத் தோண்டிச் சுத்தமாக்கி, பொறுமையாக வெல்டிங் வைத்தான். வரிவரியாக, ஒரே சீராக வந்தது.

"கோடு அசிங்கமாத் தெரியுதேண்ணா. தேய்ச்சு விட்ரட்டுமா?"

நாச்சிமுத்துவின் கை பரபரத்தது. ஆயுசு முழுக்கத் தேய்த்த கை அல்லவா?

"வேண்டாம் தம்பி," என்றார். "தேய்ச்சுத்தானே குழி வந்துச்சு. அப்படியே இருக்கட்டும்."

மறுபடியும் சிவப்பு. மறுபடியும் அடுப்பு. இந்தத் தடவை அவர் அடுப்பை விட்டு நகரவே இல்லை.

சும்மா சொல்லக் கூடாது, ஃபிரேம் அப்படி வந்திருந்தது. கழுத்தைச் சுற்றி வெல்டிங் வரி சிவப்புக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தது. ஹக்கீம் அதை விரலால் தடவிப் பார்த்தான். அடுத்த நொடி வாசலுக்கு ஓடி, எதிர் டீக்கடையைப் பார்த்துக் கத்தினான்.

"டேய், வந்து பாருங்கடா! நான் வெச்ச வெல்டிங்டா! கலர் அடிச்சது எங்க நாச்சிமுத்து அண்ணன்!"

டீ கிளாஸோடு ஆட்கள் வந்து மொய்த்தார்கள். நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு விம்மியது. கூடவே ஒன்று புரியவும் இல்லை.

"ஏனுங்க அம்மணி, எத்தனை லாரிக்கு ஒரு கோடுகூடத் தெரியாம மூடியிருப்பேன்! ஒருத்தனாவது இப்படி ஊரைக் கூட்டியிருப்பானுங்களா? இவன் கோடு தெரியறதைப் போய் இப்படிக் கொண்டாடறானே?"

மைனாவதி துப்பாக்கியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தார்.

"பட்டி கருகின அதே அடுப்புக்குள்ள போயிட்டு முழுசா வந்த கோடுங்ண்ணா அது."