கரகர என்று சொல்லக் கூடாத நாடு

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டை செருவேந்தன் என்ற ராஜா ஆண்டுவந்தான். வெண்கல மணி மாதிரி கணீரென்ற குரல் அவனுக்கு. கொலு மண்டபத்தில் தும்மினால் லாயத்தில் குதிரை பதில் சொல்லும். அந்தக் குரல் ஒரே மழைநாளில் போய்விட்டது. ஆற்றங்கரை உடைந்தபோது யானைமேல் நின்றுகொண்டு, "மேட்டுக்கு ஓடுங்கள், மேட்டுக்கு ஓடுங்கள்" என்று கத்திக் கத்தி ஊரையே காப்பாற்றினான். வெள்ளம் வடிந்தது, குரல் திரும்பவில்லை. வாயைத் திறந்தால் காய்ந்த சருகை விளக்குமாற்றால் இழுக்கிற மாதிரி கரகரவென்று வந்தது.

அடுத்த மாதமே ராணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தச் சந்தோஷத்தில் ராஜா குரலை மறந்தே போனான். இரண்டு வருஷம் நிம்மதியாக ஓடியது. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சபையில் பவளவண்ணர் என்று ஒருவர் இருந்தாரே. குரல் மட்டும் கணீர், உள்ளே சரக்கு கிடையாது.

"பிரபு, அயல்நாட்டுத் தூதர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்" என்று ஒருநாள் ஆரம்பித்தார். "தாங்கள் என் காதில் சொன்னால் போதும். உரக்கச் சொல்ல அடியேன் இருக்கிறேன்."

ஆற்றுக்கு அஞ்சாத ராஜா சிரிப்புக்கு அஞ்சினான். அன்று முதல் அவன் ஒரு வரி முணுமுணுத்தால் பவளவண்ணர் மூன்று வரி முழங்கினார். கூடுதல் வரிகளில் அவர் மைத்துனனுக்கு ஒரு மாந்தோப்பே கிடைத்தது. அதோடு விட்டாரா? 'கரகர' என்ற சொல்லை யார் உச்சரித்தாலும் நாடு கடத்தல் என்று ஒரு சட்டமும் வந்தது.

அரண்மனை வைத்தியர் பாடுதான் திண்டாட்டம். "பிரபுவுக்கு என்ன உபத்திரவம்?" என்று அவர் கேட்பார். "பிரபுவின் குரல் கணீரென்று இருக்கிறது" என்று பவளவண்ணர் முழங்குவார். அப்புறம் தொண்டைக்கு மருந்து எப்படிக் கொடுப்பது? முழங்காலுக்கு ஒரு தைலத்தைக் கொடுத்துவிட்டு அவர் போய்விடுவார்.

மந்திரி அம்பலத்தாருக்குப் பொறுக்கவில்லை. "பிரபு, உள்ளதை உள்ளபடி சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறது. அதைப் பூட்டி வைத்தால் நோய் போய்விடுமா?" என்று கேட்டேவிட்டார்.

இதற்காகத்தானே பவளவண்ணர் காத்திருந்தார். "அப்படியா? பிரபுவின் குரல் எப்படிப்பட்டது என்று நாளை சபையில் மந்திரியார் ஒரே வார்த்தையில் சொல்லட்டும். பொய் சொன்னால் பதவி போகும். அந்தச் சொல்லைச் சொன்னால் நாட்டை விட்டே போகட்டும்."

ராஜா தலையைக் குனிந்தபடி ஆட்டினான்.

அம்பலத்தார் வீட்டுக்கு வந்ததும் மனைவி தையல்நாயகி அவர் முகத்தைப் பார்த்தாள். "வாயைத் திறந்துவிட்டீர்களாக்கும். மூட்டையைக் கட்டட்டுமா?"

"கட்டி வை. ஊறுகாய் ஜாடியை மறந்துவிடாதே."

"உங்களுக்கு விளையாட்டு. இன்று ராணியம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். குழந்தை ஒரு வாய் சாப்பிடவில்லையாம். முன்பெல்லாம் ராஜா வாசலில் நின்று கூப்பிட்டாலே ஓடிவருமாம். 'இந்தக் குரலைக் கேட்டுக் குழந்தை மிரண்டுவிடும்' என்று அந்தப் பவளவண்ணர் ஓதிவிட்டாராம். ராஜா மகளிடம் பேசி ஒரு மாதமாகிறது. அது கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது."

அம்பலத்தார் சாப்பிடுவதை நிறுத்தினார். தன் பதவியைப் பற்றிய கவலை அந்த நிமிஷம் எங்கோ போய்விட்டது. "மூட்டையைப் பிரித்துவிடு" என்றார்.

மறுநாள் மந்திரியின் ஏற்பாட்டில் சிம்மாசனத்துக்கு முன்னால் ஒரு திரை தொங்கியது. அவர் கேட்டுக்கொண்டபடி ராணி குழந்தையோடு சபைக்கு வந்து அதைக் கீழே இறக்கிவிட்டாள். விரலைச் சப்பிக்கொண்டு அது தாயின் முந்தானையைப் பிடித்து நின்றது.

"சபையில் குழந்தைக்கு என்ன வேலை?" என்றார் பவளவண்ணர்.

"நான் சொல்ல வேண்டிய வார்த்தை இந்தக் குழந்தையிடம்தான் இருக்கிறது" என்றார் அம்பலத்தார். "ஐயா, நீர்தானே பிரபுவின் குரல்? திரைக்குப் பின்னால் போய், பிரபு தம் மகளை எப்படிக் கூப்பிடுவாரோ அப்படிக் கூப்பிடும்."

ராஜா கூச்சத்தோடு ஏதோ முணுமுணுத்தான். அடுத்த நொடி மண்டபம் அதிர்ந்தது. "எங்கே என் எலிக்குட்டி?"

படையெடுப்பை அறிவிக்கிற தோரணையில் ஓர் எலிக்குட்டி. சபை சிரிப்பை அடக்கத் தவித்தது. குழந்தை வீலென்று அலறி ராணியின் புடவைக்குள் புகுந்துகொண்டது.

அம்பலத்தார் திரையருகில் போய் மெல்லச் சொன்னார். "பிரபு, இப்போது தாங்கள்."

தவறினால் மகள் சபை நடுவே தன் குரலைக் கேட்டும் அலறுவாள் என்று ராஜா பயந்தான்.

"பிரபு, ஊருக்காகக் கத்தினீர்களே. இவளுக்காக ஒருமுறை."

காய்ந்த சருகு மெல்ல அசைந்தது. "எங்கே... என் எலிக்குட்டி?"

அழுகை நின்றது. புடவைக்குள்ளிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது. அப்புறம் கொலுசு குலுங்க, தடுக்கி விழுந்து எழுந்து, திரையை இழுத்துக்கொண்டு ஓடியது.

"அப்பா."

"அதுதான் பிரபு, அந்த ஒரே வார்த்தை" என்றார் அம்பலத்தார். "இதைவிடப் பொருத்தமானது அடியேனுக்குத் தெரியவில்லை."

ராஜா மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டான். பிறகு யார் காதையும் தேடவில்லை, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கரகரத்தான். "சட்டம் ரத்து. மாந்தோப்பு மந்திரியாருக்கு. பவளவண்ணரே, உமது கணீர்க் குரலை வீணாக்கலாமா? தினைப்புனத்தில் கிளித் தொல்லை அதிகம் என்கிறார்கள். போய் விரட்டும்."

கிளிகள் அவரை மதித்தனவா என்பது தெரியாது.

வைத்தியர் ஓடிவந்தார். "பிரபுவுக்கு என்ன உபத்திரவம்?"

"கரகரப்பு" என்றான் ராஜா, கூசாமல்.

"அப்பாடா. அதிமதுரம் தருகிறேன். நாளடைவில் பழைய கணீர் வந்துவிடும்."

தோளில் தூங்கிப்போன குழந்தையை ராஜா பார்த்தான். "வலி போனால் போதும் வைத்தியரே. முழுக்கக் குணமாக்கிவிடாதீர். இவளுக்கு என்னை அடையாளம் தெரியாமல் போய்விடும்."