எருமைகள் நின்றுவிட்ட நாள்

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. கொக்குகள் சட்டம் போடத் தொடங்கும் வரை அது எல்லாருக்கும் பொதுவான ஏரிதான்.

ஒரு சித்திரை மாதம் கொக்குகளின் தலைவர் தூவெள்ளையார் மருத மரத்தில் நின்று அறிவித்தார்: "இனி ஏரி வெள்ளை இறகு உள்ளவர்களுக்கே. கறுப்புத் தோல்காரர்கள் பாறைமேட்டுக்குப் போய்விட வேண்டும்."

"மேய்ச்சலுக்கு, ஐயா?" என்று கேட்டது நீலி என்ற எருமை.

"பகலில் புல்வெளிக்கு வரலாம். புல் எங்கள் காலைக் குத்துகிறது. முன்னால் நடந்து அதை மிதித்துவிடுங்கள். ஏரிப் பக்கம் வந்தால் செந்நாய்களிடம் காட்டிக் கொடுப்போம்."

அன்று முதல் எருமைகள் முன்னால் நடந்தன. கொக்குகள் பின்னால் நடந்தன. எருமையின் குளம்பு பட்டுப் புல் அசைந்ததும் வெட்டுக்கிளிகள் பதறி எழுந்தன. மீன் அல்லாமல் பூச்சியே தின்று வாழும் அந்தக் கொக்குகள் அவற்றைக் கொத்தித் தின்றன.

"பார்த்தாயா? நம் வெண்மைக்கு மரியாதை கொடுத்து எழுகின்றன" என்று அவை பேசிக்கொண்டன. குழந்தைகளே, வயிறு நிறைந்தவனுக்கு இப்படியெல்லாம் தோன்றும்.

ஆடிக் காற்று அடித்து ஓய்ந்தது. ஐப்பசி மழையில், பாறைமேட்டில் நீலி ஒரு கன்று ஈன்றது. மார்கழியில் இன்னொரு சட்டம் வந்தது: கன்றுகள் புல்வெளிக்கு வரக் கூடாது. நீலி பால் கட்டிய மடியோடு பகலெல்லாம் நடந்தது. "எருமையே, சீக்கிரம்!" என்று பின்னாலிருந்து அதட்டல் வரும். எருமைமேல் மழை பெய்தாற்போல என்று ஊரார் சொல்வார்கள். அப்படியில்லை. ஒவ்வொரு சொல்லும் நீலிக்கு வலித்தது. ஆனாலும் நடந்தது.

பங்குனி வெயிலில் பாறை கொதித்தது. புரளச் சேறு இல்லாமல் கன்றுகளின் தோல் வெடித்தது. வெடிப்பில் ஈ மொய்த்தது. வளைகொம்பி என்ற எருமையின் கன்று செத்துப்போனது. மறுநாளும் வளைகொம்பி நடக்க வந்தது. வராமல் என்ன செய்யும்?

மறுபடியும் சித்திரை வந்தது. ஒரு காலையில் நீலியின் கன்று பால் குடிக்க எழவில்லை. நீலி அதை முட்டி எழுப்பி, மெல்ல நடத்திக்கொண்டு நேராக ஏரிக்குப் போய்ச் சேற்றில் இறக்கியது.

"நாய்களைக் கூப்பிடவா?" என்று அலறினார் தூவெள்ளையார்.

"கூப்பிடுங்கள். என்னால் இனி ஓர் அடியும் நடக்க முடியாது" என்றது நீலி.

செந்நாய்கள் ஓடி வந்தன. அப்போது வளைகொம்பி வந்து கன்றுக்கு முன்னால் கொம்பை நீட்டி நின்றது. "என்னிடம் இனி எதைப் பறிப்பார்கள்?" என்றது. மற்ற எருமைகளும் ஒவ்வொன்றாக வந்து கன்றைச் சுற்றி நின்றன.

"கன்று ஒன்று, கொம்போ காடு மாதிரி. வயிறு கிழிய எங்களுக்கு என்ன தலையெழுத்தா?" என்று செந்நாய்கள் திரும்பிவிட்டன.

"எருமைகள் நிற்கட்டும். வெட்டுக்கிளிகளுக்கு நம்மைத் தெரியும்" என்றார் தூவெள்ளையார்.

கொக்குகள் தனியே புல்வெளியில் நடந்தன. அவற்றின் மெல்லிய காலுக்குப் புல் அசையவே இல்லை. பசியோடு போய்ப் பசியோடு திரும்பின. சில நாளில் தூவெள்ளையார் கரைக்கு இறங்கி வந்தார்.

"நீலியம்மா, கொஞ்சம் நடந்தால் என்ன? ஏரி இனி எல்லாருக்கும் பொது."

"முன்பும் பொதுதான் ஐயா" என்றது நீலி. "ஒரு வருஷம் நடந்த களைப்பு. அது தீரட்டும்."

அதன் முதுகில் தலை சாய்த்துக் கன்று உறங்கிக்கொண்டிருந்தது. அடுத்து வளைகொம்பி படுத்திருந்தது, தன் பக்கத்தில் ஒரு கன்று படுக்கும் அளவுக்கு இடம் விட்டு.

நீதி: தான் ஒதுக்கி வைத்தவரின் உழைப்பில்தான் தன் வயிறு நிறைந்தது என்பது, ஒதுக்கியவனுக்குப் பசி வந்த பிறகே புரியும்.