மாடியில் இருப்பதாகச் சொன்னவர்

எவனோ ஒருத்தன் அளந்துவிட்டிருக்கிறான். எந்த நாட்டில் வேண்டுமானாலும் உட்கார்ந்து வேலையைப் பார், ஆபீசில் கேட்டால் வீட்டில்தான் இருக்கிறேன் என்று சொல், எவனுக்குத் தெரியப்போகிறது என்று. சொத்தைக் கத்திரிக்காயைத் தலையில் கட்டினவனைக்கூட மறுநாள் சந்தையில் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். வெறும் வாயை விற்றுவிட்டுப் போனவனை எந்தச் சந்தையில் தேடுவது?

தவசிமுத்து அந்த வாயை முழு விலைக்கு வாங்கினார். பேரம்கூடப் பேசவில்லை.

அவர் தூத்துக்குடிக்காரர். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளாத ஒண்டிக்கட்டை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் கோப்புகளைப் படித்து, எந்த வியாதிக்கு எந்தக் குறியீடு என்று போட்டுக்கொடுக்கும் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் நோயாளிகளின் கோப்பை நம் நாட்டுக்கு வெளியே திறக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. இருக்கிற ஊரை மறைக்கிற ஒரு மென்பொருளைப் போட்டுக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, ஜார்ஜியா நாட்டின் திபிலிசி நகரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அங்கே அவருக்கு வாய்த்த குரு ரிஸ்வானா. மேலப்பாளையத்துப் பெண், அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவள், பக்கத்து அறைக்காரி. ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாக இருந்து வேலை பார்த்துப் பழுத்தவள். விளையாட்டாகத்தான் அவளைக் குருவம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். போகப்போக அதில் விளையாட்டு இல்லாமல் போயிற்று.

வந்த புதிதில் அவர் செய்யாத கோளாறு இல்லை. காப்பிக்கடை இணையத்தை நம்பி உட்கார்ந்து, முக்கியமான பேச்சின் நடுவில் அறுந்துபோனார். வாரம் ஒரு ஊர் என்று கிளம்பி, ஊரையும் பார்க்காமல் வேலையையும் முடிக்காமல் ரயிலில் வாயைப் பிளந்து தூங்கினார். கட்டிலிலேயே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு முதுகைக் கெடுத்துக்கொண்டார். ரிஸ்வானா ஒவ்வொன்றாகத் திருத்தினாள். இணைப்பு ரெண்டு வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஒரே ஊரில் மாதக்கணக்கில் இருக்கச் சொன்னாள். ஜன்னலில் தெரிகிற மலையைப் பார்க்காமல், மேசையையும் நாற்காலியையும் பார்த்து அறையைப் பிடிக்கச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஒன்றுக்கு மட்டும் ஆட்டவில்லை.

"ஆபீஸ்ல சொல்லிட்டு வந்தியளா, அண்ணாச்சி?"

"சொன்னா விடுவானுவளா?"

அவள் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

சொல்லாமல் இருப்பது சும்மா இருக்கிற காரியம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அது சம்பளமில்லாத இன்னொரு உத்தியோகம் என்று பிறகுதான் தெரிந்தது. கேமராவில் விழும்படி ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரி காலண்டரைச் சுவரில் மாட்டி, காலையில் எழுந்ததும் தாளைக் கிழித்தார். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்து, இங்கே ஒரே புழுக்கம் என்று பல் கிட்டிக்கச் சொன்னார். ஊர்ச் செய்தியில் மழையா வெயிலா என்று பார்த்துக்கொண்டுதான் வாயைத் திறந்தார். வேலை முடிந்தால் ஊர் சுற்ற உடம்பில் தெம்பு இல்லை. அத்தனை கடல் தாண்டி வந்து அவர் அதிகம் பார்த்தது தூத்துக்குடியைத்தான்.

ஒரு நாள் மத்தியானம் ரிஸ்வானாவின் கதவைத் தட்டினார். கையில் போனோடு நின்றார்.

ஊரில் விடாத மழை. குளம் உடைந்து அவருடைய தெரு முழுக்கத் தண்ணீர். அது டிவியில் ஓடுகிறது. மீட்டிங்கில் உங்கள் தெருதானே என்று எல்லாரும் கேட்டார்கள். இல்லை என்று சொல்ல வழியில்லை. எனக்கொன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லவும் வழியில்லை. கீழே தண்ணீர் வந்துவிட்டது, மாடியில் இருக்கிறேன், கரண்ட் இல்லை, போனில் சார்ஜும் இல்லை என்று சொல்லி மீட்டிங்கிலிருந்து கழன்றுவிட்டார். அவர் பங்கு வேலையை மற்றவர்கள் பிரித்து எடுத்துக்கொண்டார்களாம். ஒருத்தி அழுதேவிட்டாளாம்.

அதோடு போயிருந்தால்கூடத் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். கூட வேலை பார்க்கிற செல்வின் என்ற பையன் அதே ஊர்க்காரன். போன மாதம்தான் அவனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அவனிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்திருந்தது. தவசிமுத்து போனை அவளிடம் நீட்டினார்.

"அண்ணாச்சி, மாடிய விட்டு எறங்கிராதிய. படகு ஒண்ணும் இந்தப் பக்கம் வரல. லாரி டியூப் ஒண்ணு கெடச்சிருக்கு. பாலும் ரொட்டியும் எடுத்துக்கிட்டு நானே வாரேன். எனக்கு நீச்சல் அரகொறதான். அதான் டியூப் இருக்குல்லா."

பேச்சுக்குப் பின்னால் தண்ணீர் இரைந்தது.

ரிஸ்வானா போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"என்ன செய்யட்டும், குருவம்மா? உண்மையச் சொன்னா இன்னைக்கே வேலை போயிரும். இந்த வயசுல எனக்கு எவன் குடுப்பான்?"

அவள் எழுந்து அவருடைய அறைக்கு நடந்தாள். அவரும் பின்னாலேயே போனார். நாற்காலியை இழுத்து ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் போட்டாள். திரைச்சீலையை ஒதுக்கினாள். வெளியே கூரைகளின் மேலெல்லாம் பனி. போனை மேசையில் நிறுத்தி, செல்வினுக்கு வீடியோ அழைப்புப் போடுகிற இடத்தில் கொண்டுவந்து வைத்தாள். பிறகு ஒதுங்கி நின்றாள்.

அவர் நாற்காலியைப் பார்த்தார். உட்காரவில்லை.

"யாரோ படகுல வந்து என்னக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னா?"

"படகே வரலன்னு அவன் சொல்றான்."

"அப்ப, பக்கத்து வீட்டுக்காரங்க முகாம்ல கொண்டுபோய் விட்டாங்கன்னு..."

"எந்த முகாம்னு கேப்பான். பாலத் தூக்கிக்கிட்டு அங்க வருவான்."

பேரம் பேசிப் பார்க்க அவரிடம் வேறு பொய் இல்லை. அந்த இடத்தில்தான் கோபம் வந்தது. தான் உண்டு தன் வேலை உண்டு என்று கிடந்தவனைக் கெடுத்தது, வீட்டில்தான் இருக்கிறேன் என்று சொல் என அளந்துவிட்ட அந்தப் பயல்தான் என்றார். பெயர்கூடச் சரியாகத் தெரியாது, எங்கேயோ கேட்டது, கேட்டவன் மடையன் என்றால் சொன்னவன் அயோக்கியன் இல்லையா என்றார்.

"அவன்தான் வரணும். வந்து இதுக்குப் பதில் சொல்லணும்."

ரிஸ்வானா கண்களைக் கசக்கிக்கொண்டாள். அவளுக்கும் களைப்பாக இருந்தது.

"சரி, அண்ணாச்சி. அந்த ஆளு யாரா இருந்தாலும் வரட்டும். வந்து இந்த நாற்காலியில உக்காந்து பேசட்டும். செல்வினுக்குத் தண்ணி கழுத்துக்கு வாரதுக்குள்ள வரச் சொல்லுங்க."